கன்னியம்மாவின் சல்லடை

கன்னியம்மாவுக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. தெருக்குழாயில் குடம் நிரம்புவதற்குள் இரண்டு முறை வீட்டுக்குப் போய்க் கன்றைப் பார்த்துவிட்டு வருவாள். வரிசையில் நிற்பவர்கள் அவள் குடத்தை நகர்த்திவிட்டுத் தங்கள் குடத்தை வைப்பார்கள். அதையும் கவனிக்க மாட்டாள்.

கும்மிடிப்பூண்டி ரெயில் பாதைக்குக் கிழக்கே எங்களுக்கு எதிர்வீடு அவளுடையது. கணவன் வரதனுக்கு இரும்புக் கம்பெனியில் ஷிப்டு வேலை. கம்பெனிகளுக்கு வேலி போட்டதில் மேய்ச்சல் நிலம் போய்விட்டது. மீதிப் புல் தண்டவாள ஓரத்தில்தான், அதுவும் முந்தியவருக்கு. ஆனாலும் 1978இல் அவள் பசுவுக்குச் சினை ஊசி போட்டுக் கலப்பினக் கிடேரிக் கன்று ஒன்றை எடுத்திருந்தாள். அதற்கு முந்தைய கன்று ஐம்பதாம் நாள் வயிறு ஊதிச் செத்தது. இதற்கு நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது.

நாள் கணக்கை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. காலையில் கன்றின் இடது விலாவை விரலால் தட்டிப் பார்க்கும்போது உதடு மட்டும் அசையும்.

பால் சொசைட்டியில் கன்றுத் தீவனம் மூட்டையாகக் கொடுத்தார்கள். உடைத்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, உப்பு. கையில் அள்ளினால் தோலும் உமியும் குத்தும். எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினால், ஒரு தோல்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாதென்று மாவைச் சல்லடையில் சலித்து, மறுபடி மல்துணியில் சலிப்பார்கள். பெற்ற பிள்ளைகள் இரண்டையும் கன்னியம்மா அப்படித்தான் வளர்த்தாள். முதல் கன்றுக்குத் தீவனத்தைச் சல்லடையோடு நிறுத்திக்கொண்டாள். அது செத்ததும், துணியில் சலிக்காததுதான் குற்றம் என்று முடிவுகட்டினாள். இந்தக் கன்றுக்கு இரண்டு சலிப்பு. துணிக்கு அடியில் விழுந்த மாவு கன்றுக்கு. மேலே நின்றதெல்லாம் தாய்ப்பசுவின் தொட்டிக்கு.

தின்று முடித்ததும் கன்று கயிற்றைக் கடித்தது. சுவரை நக்கியது. காயப்போட்ட பாயின் ஓரத்தை மென்றது. கண்டதைத் தின்று இதுவும் சாகப்போகிறதென்று, அவள் அதன் வாய்க்கு ஓலைக்கூடை கட்டிவிட்டாள். தீனி நேரத்தில் மட்டும் அவிழ்ப்பாள். மற்ற நேரமெல்லாம் கன்று கூடையைத் தூணில் தேய்த்துக்கொண்டு நின்றது. தேய்க்கும் சத்தம் தெருவெல்லாம் கேட்டது, யாரோ முடிக்கத் தெரியாத ஒரு வரியை எழுதி எழுதி அடிப்பதுபோல.

"இன்னாமே, எனக்கு ஊத்தற கஞ்சில கல்லு கீது. கன்னுக்குட்டிக்கு மல்துணில சலிக்கிற" என்றான் ஷிப்டு முடிந்து வந்த வரதன்.

"நீ செத்தா ஊரே தூக்கிகினு போவும். இது செத்தா நான் ஒருத்திதான் இழுத்துகினு போவணும். போய்யா, காலக் கழுவிகினு வா."

நாற்பத்தெட்டாம் நாள் மத்தியானம் கன்றின் இடது விலா எழும்பியது. தட்டினால் பறைபோல் ஒலித்தது. பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்துக்கொண்டது. கன்னியம்மா செருப்பில்லாமல் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே உதவியாளராக இருந்த ஆதிநாராயணனை எல்லாரும் கம்பவுண்டர் என்பார்கள். அவர் சைக்கிளில் வந்து, மூங்கில் குழாயால் கடலை எண்ணெயும் மருந்தும் புகட்டி, கன்றை நடத்தச் சொன்னார். தெருவில் நாலு நடை போனதும் நீளமாக ஏப்பம் விட்டது. விலா தணிந்தது.

"இன்னா தீனி போடற?"

"சொசைட்டி தீனிதான் சார். சும்மா இல்ல, நல்லா சலிச்சி நைசா..." அவள் உள்ளே ஓடி மாவை முறத்தில் கொண்டுவந்தாள்.

கம்பவுண்டர் இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தார். "இதப் பூசிகினு கல்யாணத்துக்குப் போலாம்மா. சலிச்ச சக்கை எங்க?"

அவள் பசுவின் தொட்டியைக் காட்டினாள். கன்று கயிற்றையும் பாயையும் கடித்ததால் வாய்க்குக் கூடை கட்டியதையும் சொன்னாள்.

"தேவப்பட்டத ஆத்தாளுக்குக் குட்த்துட்டு இத வெறும் மாவுல வெச்சிகினு கீற. இது மாடு, உன் புள்ள இல்ல. உள்ள பெரிய பை ஒண்ணு கீது. நாரு உள்ள போய் உரசினாத்தான் அதுக்கு பலம் வரும். மாவு மட்டும் போனா புளிச்சிப் போய் காத்து கட்டும். கயித்தக் கட்சது, பாயத் தின்னது எல்லாம் இன்னான்ற? நாரு தேடிகினு இருந்துச்சி. நீ வாயக் கட்டிட்ட."

கன்னியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"மொதக் கன்னுக்கும் சலிச்சித்தான் சார் போட்டேன்."

அவர் சைக்கிள் பெல்லை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு, "இனிமே மூட்டைல இருக்கிறாப்பலயே போடு. கூட ஒரு கைப்பிடி காஞ்ச புல்லு. ஒரு கைப்பிடிதான். பயந்துகினு வைக்கோல அள்ளிக் கொட்டினா வயிறு பானையாவும், ஒடம்பு ஏறாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கூடையை அவிழ்க்கப் போனவள் முடிச்சில் கைவைத்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாவது தடவைதான் அவிழ்த்தாள். கன்று சலிக்காத தீவனத்தில் மூக்கைப் புதைத்தது. அது நறநறவென்று அரைக்கும்போதெல்லாம் இவள் எச்சில் விழுங்கினாள்.

ஐம்பதாம் நாள் விடிந்தது. அன்று அவள் குழாயடிப் பக்கமே வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் கன்று படுத்தது. எதிரில் தீனி இல்லை. கழுத்துக்குள் ஒரு உருண்டை கீழேயிருந்து மேலே ஏறியது. கன்னியம்மா ஓடிப்போய் அதன் வாயைப் பிளந்து விரலை விட்டாள்.

"யோவ், தொண்டைல அடச்சிகிச்சு. வாய்யா."

வரதன் சோற்றுக் கையோடு வந்து பார்த்தான். "வெரல எடுமே, கட்சிட போவுது. அசை போடுது."

விரலை எடுத்தாள். கன்றின் தாடை பக்கவாட்டில் நகர்ந்தது. நின்றது. அடுத்த உருண்டை ஏறியது. மறுபடி நகர்ந்தது. பன்னிரண்டு உருண்டை வரைக்கும் எண்ணினாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினாள்.

"எங்க போற? அதான் நல்லா கீதே."

"மத்தவ புல்ல அறுக்கறதுக்குள்ள போவணும்."

பாசஞ்சர் வண்டி கடந்ததும் தண்டவாள ஓரத்தில் அவள் முதுகு தெரிந்தது. கம்பவுண்டர் ஒரு கைப்பிடி என்றுதான் சொல்லியிருந்தார். அவள் பெரிய கட்டாக அறுத்துக்கொண்டிருந்தாள், நடுவில் நடுவில் நிமிர்ந்து வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு.