கம்புக்காரரின் நாலு விரல்

துறைமுகத்தில் இறங்கும் ராட்சத இயந்திரம் அதை வாங்கியவரின் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், முதலில் கம்புக்காரர் அந்த வழியாகப் போய்விட்டு வர வேண்டும். நூறு அடி நீள டிரெய்லர் பாதி வழி வந்தபிறகு, ‘ஐயோ, இங்கே ஒரு மரக்கிளை இருக்கிறதே’ என்று யாரும் தலையில் கை வைத்துக்கொள்ளக் கூடாது. டிரெய்லருக்குப் பின்வாங்கவும் வராது, சட்டென்று திரும்பவும் வராது. அதனால் இரண்டு வாரம் முன்னதாகவே அவர் தன் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பாலம், மின்கம்பி, கடைப் பலகை, வீட்டுச் சன்ஷேடு என்று ஒன்று விடாமல் அளந்து, வரிசை எண் போட்டு ஒரு தாளில் எழுதுவார். சாமான் கிளம்பும் நாளில் ஜீப்பின் முன் பம்பரில் ஒரு மூங்கில் கம்பை நிமிர்த்திக் கட்டி, டிரெய்லருக்கு முன்னால் போவார். சாமான் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் கம்பு. கம்பு தட்டாமல் போனால் சாமானும் தட்டாது. ஊரே கம்புக்காரர் என்று கூப்பிட்டதில், சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் காட்டிய வழியில் ஒரு சாமான்கூட எங்கும் இடித்ததில்லை. இதை அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவர் அல்ல. கேட்காதவர்களிடம் மட்டும்தான் சொல்வார்.

அவருக்கு ஒரு ரகசியமும் உண்டு. ஆபீசிலிருந்து வரும் தாளில் சாமானின் உயரம் இருக்கும். அந்த உயரத்துக்குக் கம்பில் கோடு போடுவார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கோட்டின் மேல் நாலு விரலைப் படுக்க வைத்து, அதற்கு மேல் இன்னொரு கோடு போட்டு அந்த அளவுக்குக் கம்பைக் கட்டுவார். யாரும் செய்யச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பாலத்தடியில் நின்று வியர்த்த வியர்வையில் பிறந்த பழக்கம் அது. வெளியே சொன்னால் கம்புக்காரருக்குப் பயம் என்று பேசுவார்களே, அதனால் வாயைத் திறக்கவில்லை.

வழியில் இருக்கும் வீட்டுக்காரர்கள் அவரைக் கண்டதும் முதலில் தங்கள் சன்ஷேடைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். டேப்பும் கையுமாக வந்து நின்று, ரொம்ப மரியாதையாக, “நாலு விரல்தாம்மா. வெட்டினதே தெரியாது” என்பார். வீட்டுக்காரர் முறைத்தால், “சாமான் பெருசு, நாம சின்னவங்க” என்று ஒரு பெருமூச்சு விடுவார். பல் மருத்துவர் ஒருவர் தன் வாசலில் ஆள் உயரப் பல் ஒன்றைப் பலகையில் செய்து தொங்கவிட்டிருந்தார். அதைக் கழற்றச் சொன்னார் கம்புக்காரர். லோடு போனபிறகு திரும்ப மாட்டியவர்கள் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். மருத்துவர் அதன்பிறகு இவரைப் பார்த்துப் பல்லைக் காட்டுவதே இல்லை.

அந்த வருடம் ஒரு காகித ஆலைக்காக இரும்பு உருளை ஒன்று கப்பலில் வந்தது. ஈரக் காகிதத்தைக் காய வைக்கிற உருளை. ஒரே வார்ப்பு, கழற்றவும் முடியாது, நறுக்கவும் முடியாது. அதை உள்ளே விடுவதற்காக ஆலைக்காரர்கள் ஒரு பக்கச் சுவரையே இடித்து வைத்துவிட்டு, மழை வருவதற்குள் வந்துவிட வேண்டுமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆபீஸ் தாளில், டிரெய்லரில் ஏற்றிய உயரம் பதினேழு அடி இரண்டு அங்குலம் என்று இருந்தது. கம்புக்காரரின் நாலு விரலையும், அதாவது மூன்று அங்குலத்தையும் சேர்த்தால் பதினேழு அடி ஐந்து அங்குலம். வழியில் இருந்த ரயில் பாலத்துக்கு அடியில் இருந்த உயரமோ பதினாறு அடி பதினொரு அங்குலம். மூன்று தடவை அளந்தார். எத்தனை தடவை அளந்தாலும் பாலம் வளரவில்லை.

சுற்றுவழி ஒன்றே ஒன்றுதான். அது ஊருக்குள் நுழைந்து, ஒரு குறுகலான தெரு வழியாகப் போனது. அந்தத் தெருவிலும் இன்னும் குறுகலான இடத்தில் ஒரு வீடு மூன்றடிக்குப் பால்கனியை நீட்டிக்கொண்டு நின்றது. அது கம்புக்காரரின் வீடு.

அந்தப் பால்கனிக்கு ஒரு வரலாறு உண்டு. அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் மிஷின் போட்டு நாள் முழுக்கக் குனிந்து தைப்பவர். சாயங்காலம் நிமிர்ந்து உட்கார்ந்து நாலு பேர் முகத்தைப் பார்க்க ஒரு பால்கனி வேண்டும் என்று பதினோரு வருடம் கேட்டார். “நாற்காலியை நேரா போட்டு உட்காரணும். மூணே கால் அடி. அதுக்கு ஒரு நூல் குறையக் கூடாது” என்று அளவும் கொடுத்தார். பதினோரு வருடமும் இவர் சொன்ன சாக்குகளை வரிசை எண் போட்டு எழுதினால் ஒரு நோட்டு பத்தாது. கடைசியில் கட்டி எட்டு வருடமாகிறது.

மனைவி தையலில் மூழ்கியிருக்கும் மத்தியான நேரமாகப் பார்த்து, கம்புக்காரர் பூனை மாதிரித் தன் தெருவுக்கு வந்து டேப்பைப் பிரித்தார்.

“என்னங்க, சொந்த வீட்டையே அளக்குறீங்க? விக்கப் போறீங்களா?” என்று மேலே பால்கனியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“சும்மாதான்” என்றார். சும்மா அளக்கிறவர் இல்லை அவர் என்பது ஊருக்கே தெரியும்.

சாயங்காலம் அவர் முகம் கழுவப் போன நேரத்தில் மனைவி அந்தத் தாளை எடுத்துப் படித்துவிட்டார். ‘வரிசை எண் பதினெட்டு: பால்கனி. இடிக்க வேண்டும். உரிமையாளர்: நானே.’

“இடிக்கணுமா?”

“முழுசா இல்ல. கொஞ்சம்தான்.”

“கொஞ்சம்னா?”

“ஒரு மூணு அடி.”

“இருக்கறதே மூணே கால் அடி. மிச்சம் கால் அடியில நான் என்ன, கிளியா உட்கார?”

கம்புக்காரருக்கு டீ புரையேறியது. கிளியை நினைத்து அல்ல, அந்தக் கால் அடியை நினைத்து. ஏன் என்பது அப்போது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“ஊர்ல எல்லார்கிட்டயும், சாமான் பெருசு நாம சின்னவங்கன்னு சொல்வீங்களே. அதை என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க, கேப்போம்.”

இருபத்தாறு வருடமாக அடுத்தவர்களிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. பல் மருத்துவரின் முகம் கண்முன்னால் வந்து போனது.

மனைவி மிஷினில் போய் உட்கார்ந்தார். ஒரு சட்டைக்குத் தையல் ஓட்டினார். பாதியில் நிறுத்தினார்.

“அந்த உருளையை யாரு அளந்தது?”

“துறைமுக யார்டு குமாஸ்தா. அவரு ஆபீசுக்கு அனுப்புவாரு. ஆபீஸ் அம்மா எனக்குத் தாள் போட்டுத் தருவாங்க.”

“நீங்க அந்த அளவுக்கேதான் கம்பு கட்டுவீங்களா?”

கம்புக்காரர் சுவரைப் பார்த்தார். பால்கனி போகப் போகிற இடத்தில் மானம் மட்டும் இருந்து என்ன செய்யப் போகிறது?

“ஒரு நாலு விரல் கூட வச்சுக் கட்டுவேன்.”

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “போன மாசம் ஒருத்தர் கோட்டு தைக்கக் குடுத்தாரு. வீட்டுல அவங்க சம்சாரம் அளந்து, இருக்கட்டுமேன்னு கொஞ்சம் கூட எழுதி அனுப்பிச்சாங்க. அவரு வந்து, கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்னாரு. வெட்டும்போது நானும் கொஞ்சம் விட்டேன். மாட்டிப் பார்த்தா உள்ள இன்னொருத்தரைக் குடிவைக்கலாம் போல இருந்துது. உலகத்துல நீங்க ஒருத்தர்தான் பயந்தாங்கொள்ளின்னு நினைப்பா? போய் நீங்களே அளந்து பாருங்க.”

மறுநாள் காலையில் கம்புக்காரர் யார்டில் இருந்தார். டிரெய்லர் டிரைவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மனிதர் நடக்கிற வேகத்துக்கு மேல் வண்டியை ஓட்டாதவர் என்பதால் அவரை எல்லோரும் ஆமை என்று கூப்பிடுவார்கள். ஐம்பத்தாறு வயதுத் தொந்தியோடு கம்புக்காரர் டிரெய்லரில் ஏற்றியிருந்த உருளையின் உச்சிக்கு ஏறி, குறுக்கே ஒரு நேர்ப்பலகையை வைத்து, ரசமட்டம் பார்த்து, பலகை முனையிலிருந்து டேப்பைத் தரைக்கு இறக்கினார்.

“எவ்வளவு தம்பி?”

“பதினாறு அடி எட்டு அங்குலம்ணே.”

இன்னும் இரண்டு தடவை பார்த்தார்கள். அதே பதினாறு எட்டுதான்.

குமாஸ்தாவின் புத்தகத்தில் பதினாறு பதினொன்று என்று இருந்தது. கேட்டதும் அவர் முகத்தில் அசடு வழிந்தது. “பாதுகாப்புக்கு ஒரு நாலு விரல் சேர்த்து எழுதுவேன் சார். எங்கயாவது இடிச்சா என் தலையைத்தானே உருட்டுவாங்க. வேற யாரும் சேர்க்கறது கிடையாதேன்னு…” அடுத்து ஆபீசுக்குப் போன் போட்டார். தாள் போடும் அம்மா தணிந்த குரலில், “நானும் நாலு விரல்தான் சார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார்.

ஆக, காகிதத்திலும் கம்பிலுமாக ஒன்பது அங்குலம் வளர்ந்திருந்தது அந்த உருளை. உண்மையில் அதற்கும் பாலத்துக்கும் நடுவே மூன்று அங்குலம் இருந்தது. சரியாக நாலு விரல்.

பாலத்தடியில் போகலாம். ஆனால் அந்த நாலு விரலுக்கு மேல் ஒளித்துவைத்த விரல் எதுவும் இல்லை. இடித்தால் இருபத்தாறு வருடப் பெயரும் உருளையோடு போகும். சொந்தப் பால்கனியைக் காப்பாற்றப் போய் ஊரான் சாமானை உடைத்தான் என்று பேசுவார்கள். அப்படிப் பேசினால் அதில் தப்பும் இருக்காது. கம்புக்காரர் அன்றே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்தை மறுபடி ஒவ்வொரு அடியாக, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அளந்தார். எங்கும் பதினாறு பதினொன்றுக்குக் குறையவில்லை. வரிசை எண் பதினெட்டைத் தாளிலிருந்து அடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாலத்துக்கு இந்தப் பக்கம் டிரெய்லரை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆமையிடம் போய் நின்றார்.

“தம்பி, இன்னைக்குக் கம்பு சாமான் உயரத்துக்குத்தான் கட்டியிருக்கு.”

“என்னைக்கும் அப்படித்தானேண்ணே?”

“இல்ல. என்னைக்கும் நாலு விரல் கூட இருக்கும். அதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் நாலு நாலு விரல் சேர்த்திருக்காங்க.”

ஆமை இறங்கி வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். “அண்ணே, இருபது வருஷமா நான் ஒவ்வொரு பாலத்தடியிலயும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கேன். தலைக்கு மேல முக்கால் அடி சும்மா கிடந்துதா?”

“கிடந்துது.”

“நல்லா இருப்பீங்கண்ணே” என்று சொல்லிவிட்டு ஆமை மறுபடி ஏறி உட்கார்ந்தார். அது வாழ்த்தில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கம்பு தட்டாமல் போனது. பிறகு கம்புக்காரர் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு, பாலத்தின் பக்கவாட்டுக் கரையில் உத்தரம் கண்ணுக்கு நேராக வரும் உயரத்துக்கு ஏறி நின்றார். உருளை வந்தது. உச்சிக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாலு விரலைப் படுக்க வைத்து அதற்கு நேரே நீட்டினார். வெளிச்சம் அறுந்துபோகாமல் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஆமை ஒரு நிமிடம் விடாமல் ஹாரன் அடித்தார்.

மறுநாள் உருளையை ஆலையில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மனைவி பால்கனியில் உட்கார்ந்திருந்தார். கம்புக்காரர் நடந்ததையெல்லாம், ஆமை மூச்சுப் பிடித்த கதை உட்படச் சொல்லி முடித்தார். சொல்லியும் போகாமல் கதவோரமே நின்றார்.

“இன்னும் என்ன?”

“இந்தப் பால்கனி மூணே கால் இல்ல, மூணு. கொத்தனார்கிட்ட நாலு விரல் குறைச்சுச் சொன்னேன். என்னைக்காவது நம்ம தெருவுல ஒரு லோடு வந்துட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“கட்டி முடிச்ச அன்னைக்கே டேப்பைப் போட்டுட்டேன். டெய்லர்கிட்டயா அளவுல ஏமாத்துவீங்க?”

“எட்டு வருஷமா ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

மனைவி எழுந்தார். “நாற்காலியை நேரா போட்டா முழங்கால் கம்பியில இடிச்சுது. சாய்ச்சுப் போட்டேன். உட்கார்ந்து பாருங்க.”

உட்கார்ந்தார். நேராகப் போட்டிருந்தால் எதிர்வீட்டுச் சுவரைத்தான் பார்க்க வேண்டும். சாய்த்துப் போட்டதில் தெரு முழுக்கத் தெரிந்தது, முனைவரை.

“ஜீப்பு வர்றதுக்கு முன்னாடி தெரு முனை மதிலுக்கு மேல உங்க கம்பு தெரியும்” என்றார் மனைவி. “அதைப் பார்த்த அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும். ஆமை மட்டும்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தாருன்னு நினைச்சீங்களா?”

கம்புக்காரர் தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் வரவில்லை.

“போதும், எழுந்திருங்க. அது என் இடம்.”