பி.பி. நம்பர்

நேற்று அலுவலக நண்பரின் அப்பாவுக்கு ரத்தம் தேவைப்பட்டது. ஓ நெகட்டிவ். கைப்பேசியில் தட்டினேன், தேனிப் பக்கம் ரத்தம் கொடுப்பவர்களின் பெயரும் நம்பரும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. தெரியாத நம்பரை யார் எடுக்கிறார்கள்? நானே எடுப்பதில்லை. கடைசியில் மதுரையில் ஒரு ரத்த வங்கியில் கிடைத்துவிட்டது, அது வேறு கதை. ஆனால் அந்த மணிச்சத்தம் என்னை நேரே கம்பத்து மருந்துக்கடை ஒன்றின் பின்கட்டுக்கு இழுத்துப்போய்விட்டது.

தேனியில் கல்லூரிக் கடைசி வருடம். ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும். ஈஸ்வரி, சலீம், நான். மற்ற குழுக்களெல்லாம் இல்லாத நூலகத்துக்கும் இல்லாத வங்கிக்கும் டேட்டாபேஸ் செய்துகொண்டிருக்க, எங்களுக்கு மட்டும் நிஜமான ஆள் கிடைத்தார். மருந்துக்கடை ஜெயராமண்ணன். அவர் ஒரு ரத்ததானக் குழு நடத்திவந்தார். ஊர் ஊராகப் போய் ரத்தம் கொடுப்பவர்களிடம் பெயரும் நம்பரும் எழுதி வாங்கிய சீட்டுகள் காலி மருந்துப் பெட்டிகளில் கிடந்தன. அவசரத்துக்குத் தேடினால் கிடைக்காது. யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தது. அதன் கீபோர்டில் டிங்க்சர் வாடை அடிக்கும். இன்றைக்கும் எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் அந்த வாடைதான்.

ஈஸ்வரி அல்லிநகரத்துக்காரி. குழுவின் மூளை அவள். நானும் சலீமும் தட்டுகிற கைகள். முதல் நாளே சொல்லிவிட்டாள். "நம்ம பக்கம் தெருவுக்கு நாலு பாண்டி இருக்கான். பேர நம்ப முடியாது. ஃபோன் நம்பர்தான் சாவி. ஒரு நம்பருக்கு ஒரு ஆளு." அதே நம்பரை மறுபடி அடித்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. அடேயப்பா, என்ன மூளை என்று நாங்கள் வாயைப் பிளந்தோம்.

காமயகவுண்டன்பட்டிச் சீட்டுகள் வந்தபோது கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. பெயர் வேறு வேறு, நம்பர் ஒன்று. "ஒருத்தனப் பாத்து ஒருத்தன் எழுதிருக்கான்" என்று சலீம் அவற்றை ஒரு மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டான். நம்பருக்குப் பக்கத்தில் பி.பி. என்று எழுதியிருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. இதில் கூத்து என்னவென்றால், எங்கள் மூன்று பேர் வீட்டிலுமே ஃபோன் கிடையாது. பக்கத்துக் கடை நம்பரைக் கொடுத்து, பி.பி. என்று போட்டுக் கல்லூரியில் சேர்ந்தவர்கள்தான் நாங்கள். கூப்பிட்டால் கடைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போவார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று. பாடப்புத்தகத்தில் வந்த எல்லாருக்கும் சொந்த ஃபோன் இருந்ததே!

அண்ணனுக்கு வேலையைச் செய்துகாட்டிக்கொண்டிருந்த பகலில் ஒருவர் ஓடிவந்தார். மனைவிக்குப் பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் உடனே வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

"தட்டு ஆத்தா" என்றார் அண்ணன்.

ஈஸ்வரி தட்டினாள். ஒரு பெயரும் வரவில்லை. மறுபடி தட்டினாள். அந்த மனிதர் கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்போல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சலீமு, அந்தப் பைய எடு" என்றாள் ஈஸ்வரி.

மேசையில் கொட்டித் துழாவினோம். இருந்தது. பாண்டி, காமயகவுண்டன்பட்டி, ஓ நெகட்டிவ். அண்ணன் நம்பரைச் சுழற்றி ரிசீவரை ஈஸ்வரியிடம் கொடுத்தார். நாங்களும் காதை ஒட்டவைத்தோம். எடுத்தது ஒரு பெண்.

"பாண்டியா? திராட்சத் தோட்டத்துல மருந்தடிச்சிக்கிட்டு இருக்கான். இருங்க."

ரிசீவரைக் கீழே வைத்த சத்தம். பிறகு அவர் குரல் தெருவில் இறங்கிப் போவது கேட்டது. "ஏலே, கம்பத்துல ஒரு பிள்ளத்தாச்சிக்கு ரத்தம் வேணுமாம். பாண்டியக் கூப்பிடுங்கடா." அந்தக் குரலை இன்னொரு குரல் வாங்கிக்கொண்டது, அதை வேறொன்று. ஒரு பெயர் தெருவைத் தாண்டித் தோட்டத்துக்கு ஓடுவதை ஃபோனில் கேட்டுக்கொண்டு நின்றோம்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிப்போய்க் காத்திருந்தோம். திராட்சைப் பெட்டி ஏற்றுகிற வேன் வந்து நின்றது. கையெல்லாம் மருந்து படிந்திருக்கப் பாண்டி இறங்கினார். அவருக்குப் பின்னால் இறங்கினார்கள், இறங்கினார்கள், தெருவே இறங்கியது. மஞ்சப்பையில் நாங்கள் மாட்டிவைத்த அத்தனை பேரும். ஃபோனை எடுத்த பெண்ணும் வந்திருந்தார்.

"ஒருத்தர்தானக்கா வேணும்னு சொன்னோம்" என்றான் சலீம்.

"அவன் ரத்தம் பத்தலைன்னா? திரும்ப ஒருக்கா எங்கன வேன் தேடுறது?" என்றார் அவர்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாளே ஈஸ்வரி எல்லாவற்றையும் பிரித்துப்போட்டாள். ஒரு நம்பருக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று மாற்றினாள். ஃபோனை எடுப்பவர் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டாள். தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், "ஒரே நம்பர் இத்தனை தடவை வருதே, தப்பில்லையாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார், அது ஒரு தெரு" என்றாள்.

அந்த மருந்துக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்ஃபோன் விற்கிறார்கள். பி.பி. என்று எழுத எந்த விண்ணப்பத்திலும் இடமில்லை. ஈஸ்வரி முதலில் போட்ட விதி இன்றைக்கு அச்சாகப் பொருந்தும்: ஒரு நம்பருக்கு ஒரு ஆள். நேற்று நான் அடித்த மணியெல்லாம் அந்த ஒரு ஆளின் சட்டைப்பையில்தான் அடித்திருக்கும். அவர் தோட்டத்தில் இருந்தாரோ, தூங்கினாரோ. "இருங்க" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுத் தெருவில் இறங்க, அந்தப் பக்கம் யாருமில்லை.