அளவு ஜாக்கெட்டுடன் சிங்கவரத்துக்கு

காலை 6.10, கிளாம்பாக்கம். திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி செஞ்சிக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஷூட்டிங்கா மேடம்?" என்றார்.

எனக்கு இது புதிதல்ல. வெள்ளைப் புள்ளி போட்ட கருநீல நைலக்ஸ் சேலை, முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட், அந்தக் காலத்து டீச்சரம்மாக்கள் மாட்டிக்கொண்டு போன மாதிரி ஒரு தோல் பை. நான் அன்றாடம் ஆபீசுக்குப் போவதே இப்படித்தான். எல்லாம் யாரோ கட்டிக் கழித்த துணி. பத்து வருடமாகத் தேடித் தேடி வாங்குகிறேன். "காசு கொடுத்துக் கந்தை வாங்கறவ நீ ஒருத்திதான்" என்று என் கணவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். யாருடைய கந்தை என்று அவர்கள் சொல்லவில்லை. டிக்கெட் நூற்று இருபத்தைந்து ரூபாய்.

செஞ்சிக்கு எல்லோரும் கோட்டை பார்க்கப் போவார்கள். நான் ஏழு தடவை போயிருக்கிறேன், ஒரு தடவைகூட மலை ஏறியதில்லை. எனக்கு அங்கே வேலை பச்சையம்மாளிடம். சுற்றுப்பட்டு ஊர்களில் பழைய துணியை வாங்கிக்கொண்டு அதற்குப் பதில் பாத்திரமோ பக்கெட்டோ கொடுப்பவர். புஃப் கை ஜாக்கெட், பெரிய காலர் சட்டை என்று எது கிடைத்தாலும் எனக்கென்று தனியே எடுத்து வைப்பார்.

போன செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. பொங்கல் முடிந்து நான் வாங்கிப் போன பச்சை ஜாக்கெட்டை உடனே திருப்பித் தர முடியுமா என்று கேட்டார்.

"சிங்கவரத்துல ஒரு வூட்ல போகிக்குப் போட்டது. அந்தம்மா வூட்ல இல்லாத நேரமா வூட்டுக்காரரு தெரியாம எடுத்துக் குடுத்துட்டாரு. அது அவங்க தங்கச்சியோட அளவு ஜாக்கெட்டாம். ரெண்டு நாளா என்னாண்ட வந்து அழுவுது."

அளவு ஜாக்கெட் என்றால் நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்காகச் சொல்கிறேன். புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது உடம்பில் டேப் பிடித்து அளப்பதில்லை. சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கூடவே கொடுத்துவிடுவோம். அதைப் பார்த்து வெட்டித் தைப்பார்கள்.

நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ஜாக்கெட் எனக்குப் போதவில்லை. உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்திருந்ததால், இரண்டு பக்கமும் கையிலும் தையலைப் பிரித்து என் அளவுக்கு விட்டுக்கொண்டேன். நான்கு முறை ஆபீசுக்கும் போட்டுப் போய்விட்டேன். யாரோ ஒரு பெண்ணின் அளவை நான் அழித்துவிட்டேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

8.05, திண்டிவனம். பத்து நிமிடம் நின்றது. இங்கிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா என் சேலை முந்தியைத் தொட்டுப் பார்த்து, "எங்க எடுத்தீங்க? இது இப்ப வர்றதில்லையே" என்றார். பாத்திரக்காரியிடம் வாங்கியது என்றதும் கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்காமல், "யாருது இன்னான்னு தெரியாம எப்படிம்மா கட்டறது?" என்றார். வேறு நாளாக இருந்தால் வாதாடியிருப்பேன். அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே நெல் வயலும் மணிலாக் கடலைக் கொல்லையும் மாறி மாறி வந்தன.

9.00, செஞ்சி. வெள்ளிக்கிழமை, ஆட்டுச்சந்தை. பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டு வாடை. பச்சையம்மாள் பாத்திரக் கூடையோடு எனக்காகக் காத்திருந்தார். கூட வரச் சொன்னேன். "நான் வரலம்மா. மறுபடி அந்தப் பொம்பள மொகத்துல முழிக்க முடியாது" என்று ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டார்.

சிங்கவரம் ஐந்து கிலோமீட்டர், நூறு ரூபாய். டவுன் பஸ்ஸில் போனால் எனக்கு டிக்கெட்டே கிடையாது, ஆனால் பொறுமை இல்லை.

"கோட்டைக்கு இல்லியா? அப்ப பெருமாள் கோயிலுக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லைங்க. ஒரு ஜாக்கெட் கொடுக்கணும்."

"அதுக்கு மெட்ராஸ்லேந்தா?" என்று திரும்பிப் பார்த்தார். பிறகு என் கோலத்தைப் பார்த்து, இவள் செய்யக்கூடியவள்தான் என்று முடிவு செய்துவிட்டவர் போல மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

9.40, சிங்கவரம். பச்சையம்மாளிடம் வந்து அழுத அம்மா பெயர் தேவகி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். வீட்டின் முன் அறையில் மோட்டார் வைத்த தையல் மிஷின். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவர் அவர்தான். நான் பச்சை ஜாக்கெட்டை மடிப்புக் கலையாமல் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். அடுத்த நொடியே தையல்காரியாகி உள்பக்கத்தைத் திருப்பினார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு வியர்த்தே விட்டது.

"யாரு இதப் பிரிச்சது?"

"நான்தாங்க. எனக்குப் பத்தலைன்னு..."

"இன்னாம்மா இப்படிப் பண்ணி வச்சிட்டீங்க!"

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் கணவர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவிவிட்டார். கூடத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பக்கெட் கவிழ்த்து வைத்திருந்தது. பழைய துணிக்கு மாற்றாக அவர் வாங்கியது அதுதான். அதில் இந்த வீட்டில் யாரும் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் பிடிக்கவில்லையாம்.

டீ வந்தது. கதையும் வந்தது. தங்கை பெயர் அமுதா. இருபத்தெட்டு வருடத்துக்கு முன், இருபது வயதில், வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போவதற்கு முந்தின வாரம் பொங்கலுக்கு ஜாக்கெட் தைக்க அளவுக்கு இதைக் கொடுத்திருந்தாள். தேவகி தையல் கற்றுக்கொண்டு அவளுக்குத் தைத்த முதல் ஜாக்கெட்டும் இதுதான். "அவ பேரு இந்த வூட்ல கேக்கக் கூடாதுன்னுட்டாரு எங்க நைனா. போன வருசம் அவரு போயிட்டாரு. நான்தான் தேடிப் புடிச்சி போன் பண்ணேன்." அமுதா இருப்பது பெங்களூரில். அங்கிருந்து செஞ்சி வழியாகவே பாண்டிச்சேரிக்கு தினம் பஸ் ஓடுகிறது. ஐந்து மணி நேரம்.

அன்று சாயங்காலம் அவள் வருகிறாள். மறுநாளே கிளம்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்ததும் குளித்துவிட்டுத் தாய்வீட்டுச் சேலை கட்டிக்கொள்ள வேண்டும். அரக்கு நிறத்தில் ஆரணிப் பட்டு வாங்கித் தயாராக வைத்திருந்தார். அதற்குத்தான் ஜாக்கெட்.

"வந்த பிறகு அளவெடுத்துத் தைக்கலாமே" என்றேன்.

"வாசல்ல நிக்க வச்சி டேப்பு போடச் சொல்றீங்களா? அவ இன்னா எங்கிட்ட தைக்க வந்த கிராக்கியா? எந்தங்கச்சிம்மா. அவ அளவு எனக்குத் தெரியாதா?"

தெரியாது என்பதுதான் விஷயம். வீடியோவில் முகம் காட்டச் சொன்னதற்கு, நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று அமுதா சொல்லிவிட்டாளாம்.

ஜாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பழைய தையல் இருந்த இடம் ஊசித் துளையும் கருத்த பச்சையுமாக அப்படியே தெரிந்தது. மார்பு முப்பத்திரண்டு. என் தையல் முப்பத்தாறு. எதை வைத்து வெட்டுவது?

இங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அக்கா, முப்பத்தாறே வைங்க. அவங்களுக்கும் எனக்கும் சுமாரா ஒரே வயசு. இருபது வயசு உடம்பு யாருக்கு அப்படியே இருக்கு?" என்றேன்.

தேவகி என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, தோளையும் கையையும் சாணால் அளந்து பார்த்தார். "ரெண்டு புள்ள பெத்தவ. உங்களாட்டம்தான் ஆயிருப்பா" என்றார். அப்போது அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. என் உடம்பில் தங்கையைப் பார்த்துவிட்டார் என்று தோன்றியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

11.00 முதல் 3.30 வரை தைத்தோம். அவர் வெட்டி மிஷினில் ஓட்ட, நான் கொக்கி வைத்து எம்மிங் செய்தேன். நடுவில் கரண்டு போய் முக்கால் மணி நேரம் டென்ஷன். மதியம் புளிக்குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும் போட்டார். பழைய மாடல்படியே புஃப் கை வைக்கட்டுமா என்று கேட்டார். அவள் இதைத்தான் கேட்டு அடம்பிடிப்பாளாம். வையுங்கள் என்றேன்.

நான்கு மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் பையை எடுத்தேன். தேவகி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும் இருங்கம்மா. எனக்கு பயமா இருக்குது."

இருந்தேன்.

4.50. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்து, வேறு யாரோ வழி கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒல்லியாக, பாதி நரைத்த தலையும் கழுத்தெலும்பு தெரியும் உடம்புமாக ஒரு பெண். கையில் ஒரே ஒரு சின்னப் பை. தேவகி படியில் நின்றவர் நின்றபடியே இருந்தார்.

"யக்கா" என்றாள் அமுதா.

இரண்டு பேரும் அழுதுகொண்டே உள்ளே போனார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். பின்வாசல் வழியாக நழுவியிருந்த கணவர் வந்து, "வாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தாமே வெந்நீர் போடப் போனார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான் போலிருக்கிறது.

எனக்கு அந்த வீட்டில் நிற்கவே கூசியது. ஊசித் துளை வரிசை சொன்னதுதான் சரி. இருபத்தெட்டு வருடம் கழித்தும் இவள் அதே முப்பத்திரண்டு. அக்காவின் கையில் சரியான அளவு இருந்தது. அதை வேண்டாமென்று சொல்ல வைத்தவள் நான்.

5.40. அமுதா குளித்துவிட்டு அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஜாக்கெட் தோளிலிருந்து நழுவியது. புஃப் கை இரண்டும் காற்றுப் போன பலூனாகத் தொங்கின. முதுகுப் பக்கம் ஒரு கை நுழையும்.

தேவகி பார்த்தார். மிஷினருகே கிடந்த பச்சை ஜாக்கெட்டைப் பார்த்தார். "பழசு வச்சே தச்சிருக்கணும். நான் உன் அளவ மறந்துட்டன்டி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"என் தப்புதாங்க. நான்தான் சொன்னேன்" என்றேன்.

தேவகி தாலிக்கொடியில் கோர்த்திருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு தங்கையின் முதுகுப் பக்கம் போனார். "நில்லு, ரெண்டு பக்கமும் புடிச்சித் தரேன். அரை மணியில பிரிச்சித் தச்சிடறேன். இன்னாடி இது உடம்பு, எலும்பா இருக்குது. சாப்டியா இல்லியா இத்தினி வருசமா?"

அமுதா திரும்பி அக்காவின் கையிலிருந்த ஊக்கை மெதுவாக வாங்கி, அதைத் தாலிக்கொடியிலேயே திரும்ப மாட்டிவிட்டாள்.

"பிரிக்காத யக்கா, இருக்கட்டும். ஒரு மாசம் உன் கையால சாப்ட்டா சரியாப்பூடும்."

தேவகி அரிசி அளக்க உள்ளே போனார்.