வெட்டிய பத்து நிமிடம்

அறுபதுகளில் செஞ்சி டெண்டு கொட்டகைக்கு ஒரு பழைய போர்ப்படம் மறுபடி வந்தது. பட்டணத்து விமர்சகர்களைப் போலவே நானும், சிப்பாய்கள் காட்டில் பின்வாங்கி நடக்கும் பத்து நிமிடம் வீண் என்று பத்திரிகையில் எழுதினேன்.

தையற்காரர் காசிம் பாய் என்னை வழிமறித்தார். "வீணா? சண்டையப்போ பர்மாவுலேர்ந்து நான் அப்படித்தான் நடந்து வந்தேன் சார். வாயால சொல்ல வரல. நாளைக்கு வீட்டுக்காரிய கூட்டியாந்து காட்டப் போறேன்."

மறுநாள் இருவரும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். காடு வந்தது, உடனே பாட்டு வந்துவிட்டது. நான் எழுதியதைப் படித்த கொட்டகைக்காரர் அந்த நடையை வெட்டியிருந்தார்.

"இன்னாங்க, நடந்தேன் நடந்தேன்னீங்க, எங்க?" என்று மனைவி சிரித்தார். பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சி இருந்தது என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். இன்றுவரை சொல்லவில்லை.