தண்ணீர் மூடிய குழி

காளவாசலில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம்வரை ஜன்னல் இல்லாத அறை. "மூச்சை இழுங்க, நிறுத்துங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்குக் கேமரா ஆசை வந்ததற்கு அந்த அறைதான் காரணம் என்று என் கணவர் சொல்வார். இருக்கலாம். சிம்மக்கல்லில் ஒரு கடையில் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊருக்கு மேற்கே கிளம்பிவிடுவேன்.

நாகமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய். ஊர்ப் பெயர் வேண்டாம். கரைமேல் ஒரு வேப்பமரம். அதனடியில் நின்றால் தண்ணீரும் தண்ணீருக்குள் தலைகீழாக மலையும் தெரியும். வருடம் முழுக்க ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியை எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். மழைக்காலம், பனிக்காலம், கோடை என்று அது மாறுவதைப் பார்க்க வேண்டும்.

தை மாதத்தில்தான் அவரைச் சந்தித்தேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். செம்மறி ஆடு வளர்ப்பவர். நான் கேமராவைச் சரிசெய்து முடிக்கும் நேரத்துக்குச் சரியாக எண்பது தொண்ணூறு ஆடுகளுடன் கண்மாய்க்குள் இறங்கிவிடுவார். புழுதி எழும். தண்ணீரில் மலை கலைந்துபோகும்.

"அண்ணே, கொஞ்சம் ஓரமாப் போறீங்களா?"

"நாங்க நின்னா படம் கெட்டுப்போயிருமாக்கும்?"

"இல்லண்ணே. தண்ணியும் மலையும் மட்டும் வேணும்."

"அது சரி. நீ எடு தாயி" என்று சிரித்துவிட்டு விசில் அடித்தார். ஆடுகள் மொத்தமாகத் திரும்பின. அதன் பிறகு வேப்பமரத்தடியில் என் ஸ்கூட்டரைப் பார்த்தாலே அவராகவே சுற்றிப் போக ஆரம்பித்தார். படம் எடுத்து முடித்ததும் கையசைப்பேன். அவர் வந்து பேசிக்கொண்டிருப்பார். அவர் மனைவி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவருவார். அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் அந்த அம்மா எனக்கு மதினியானார். எனக்கும் ஒரு வாய்க் கஞ்சி கிடைக்கும்.

மாசிக் கடைசியில் இருவரும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிழக்கே போனார்கள். அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுவார்கள். ஊர் ஊராக நகர்ந்து, மழை பிடிக்கும்போதுதான் திரும்புவார்கள்.

பங்குனியில் கண்மாய் வற்றியது. சித்திரையில் லாரிகள் வந்தன. இரண்டு பொக்லைன்கள் மேற்கு மூலையில் மண் அள்ளின. யார் அனுமதி, எவ்வளவு அள்ள அனுமதி என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஞாயிறு காலையில் அவர்கள் வேலை செய்வதில்லை. நான் போய்க் குழிகளைப் படம் எடுத்தேன். மேலே கறுப்பு வண்டல், அதன் கீழே மஞ்சள், அடியில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்த மண். வெயில் சாய்வாக விழும்போது அந்த அடுக்குகள் பட்டுச்சேலைக் கரை மாதிரி இருந்தன. ஒரு குழியில் லாரி இறங்கும் பக்கம் மட்டும் சரிவு. மற்ற மூன்று பக்கமும் வெட்டிவிட்ட சுவர். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தபோது கால் கூசியது. எடுத்த படத்தை, கேமரா ஆசை உள்ளவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டேன். ஓவியம் மாதிரி இருக்கிறது என்று எழுதினார்கள். அன்று முழுக்க எனக்கு சந்தோஷம்.

புரட்டாசியில் மழை ஆரம்பித்தது. ஐப்பசியில் கண்மாய் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. குழி, மேடு எதுவும் தெரியவில்லை. ஒரே சீரான தண்ணீர்ப் பரப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேகம் கலைந்து, மலை உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. அப்படியான வெளிச்சம் ஐந்து நிமிடம்கூட நிற்காது. நான் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"என்னா தாயி, சௌக்கியமா? நேத்துத்தேன் வந்து சேந்தோம்."

"வாங்கண்ணே" என்றேன். திரும்பவில்லை.

"கம்மா நல்லா நெறஞ்சிருக்கே. மண்ணு அள்ளுனாங்கன்னு கேள்விப்பட்டேன். எங்கிட்டு அள்ளுனாங்க?"

"அங்கிட்டுண்ணே" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினேன். கை எந்தப் பக்கம் நீண்டது என்று எனக்கே தெரியாது.

"ஆழமாவா?"

"ம்" என்றேன்.

"சரி, நீ எடு. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளிச்சம் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். ஆடுகளுடன் கரையில் தூரமாகப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் போனபோது வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. ரோட்டுமுனை டீக்கடைக்காரர்தான் சொன்னார்.

"வெசாழக்கெழமை காலையிலக்கா. ஒரு குட்டி சறுக்கி உள்ள விழுந்துருச்சு. புடிக்கப் போயிருக்காரு. முழங்கால் தண்ணிதேன் நின்னுருக்கு. அடுத்த எட்டு வச்சாரு, ஆளக் காணோம்."

"நீச்சல் தெரியுமே அவருக்கு?"

"தெரியும். குழிச் சுவரு பூராக் களிமண்ணு. புடிச்சு ஏற முடியலையே. அந்தம்மா கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்துருக்கு."

டீயைக் கையில் வாங்கிவிட்டேன். குடிக்க முடியவில்லை. கீழே ஊற்றினால் ஏதாவது நினைத்துக்கொள்வாரோ என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

இழவுக்குப் போகவில்லை. பயம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, எப்போதோ நான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்த ஸ்கேன் சென்டரை விசாரித்து மதினியே வந்துவிட்டார். கூட வந்தவர்கள் யாரும் இல்லை. எக்ஸ்ரே எடுக்க வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"தாயி, அவுக படம் ஒண்ணு வேணும். வீட்ல மாட்ட ஒண்ணும் இல்ல. நீதேன் வாராவாரம் எடுத்தியே."

இரண்டு ராத்திரி தேடினேன். கண்மாயின் படங்கள் அறுநூறுக்கு மேல் இருந்தன. நாரை இருந்தது, வெடித்த மண் இருந்தது, வேப்பம்பூ இருந்தது. அவர் இல்லை. ஒரே ஒரு படத்தில் இடது ஓரத்தில், ஆடுகளுக்குத் தழை இழுக்க அவர் வைத்திருந்த தொரட்டியின் நுனி மட்டும் நுழைந்திருந்தது. கடைசியில் வாக்காளர் அட்டையிலிருந்த படத்தைத்தான் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். மூக்கும் வாயும் கலங்கிப்போய், யாரோ மாதிரி இருந்தார். மதினி அதை வாங்கி முந்தானையால் துடைத்தார். கண்ணாடியில் தூசி எதுவும் இல்லை.

அப்போதுதான் சொன்னேன். அந்த ஞாயிறு அவர் கேட்டது, நான் கையைக் காட்டியது, திரும்பாமல் "ம்" என்றது, எல்லாவற்றையும். ஸ்டுடியோ வாசலில், பஸ் ஹார்ன்களுக்கு நடுவில்.

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை.

"ஒனக்கும் தெரிஞ்சிருக்கு. ஊருக்கும் தெரிஞ்சிருக்கு. வெளியூர்ல கெடந்த எங்களுக்குத்தேன் தெரியல" என்றார். பிறகு, "படத்துக்கு எம்புட்டு ஆச்சு?" என்று கேட்டார். வேண்டாம் என்றதும் பஸ் ஏறப் போய்விட்டார். மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

குழிகளின் படங்களை அச்செடுத்துக்கொண்டு மதினியிடம் போய், கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கலாமா என்று கேட்டேன். வந்தார். நான்கு முறை போனோம். நான்காவது முறைதான் ஒரு அதிகாரி படங்களைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கீங்க மேடம். ஆனா இது எந்தக் கண்மாய்னு இதுல எப்படித் தெரியும்? எவ்வளவு ஆழம்னு எப்படித் தெரியும்? ரெண்டடிப் பள்ளத்தையும் இப்படி எடுக்கலாமே."

அவர் சொன்னது சரிதான். மரம், கரை, மின்கம்பம் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துப் பார்த்து வெளியே தள்ளியிருந்தேன். மண்ணின் நிறம் மட்டும் மிஞ்சியிருந்தது.

"தண்ணி வத்தட்டும் தாயி. ஆளு நின்னாத்தேன் ஆழம் தெரியும்" என்றார் மதினி.

மறு சித்திரையில் கண்மாய் வற்றியது. குழியின் அடியில் மட்டும் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. நான் இறங்குகிறேன், நீங்கள் பட்டனை மட்டும் அமுக்குங்கள் என்றேன். "எனக்கு அதெல்லாம் ஆகாது" என்று சொல்லிவிட்டு, லாரிச் சரிவு வழியாக அவரே இறங்கினார். அண்ணன் பிடித்து ஏற முடியாமல்போன அந்தச் சுவரோரம் போய் நின்றார். கையிலிருந்த தொரட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். அதன் கொக்கி பாதிச் சுவருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அவ்வளவுதான். பின்னால் வேப்பமரமும் மலையும் தெரியும்படி எடுத்தேன்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் மதினி. மேல வாங்க."

"இன்னொண்ணு எடு. மூஞ்சி நல்லாத் தெரியட்டும்."

எடுத்தேன். மேலே ஏறி வந்தவர் கரையில் உட்கார்ந்து அன்றுதான் என் முன்னால் அழுதார். அவர் பக்கத்தில் உட்கார எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளி நின்றேன். வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தோம்.

அந்தப் படங்களுக்குப் பலன் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். அளவு மீறித் தோண்டப்பட்டிருப்பது உண்மை, தோண்டியவர் யார் என்று தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கரையில் ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள். குழியை யாரும் மூடவில்லை. மதினி ஆடுகளை விற்றுவிட்டு, இப்போது ஒரு நாற்றுப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறார்.

அந்த வருடம் மழைக்கு முன்னால் நாங்கள் இருவரும் குழியைச் சுற்றிச் சவுக்குக் கம்புகள் ஊன்றினோம். என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை போய் எண்ணிப் பார்ப்பதுதான் இப்போது என் வேலை. யாராவது விறகுக்குப் பிடுங்கிவிடுகிறார்கள். போன வாரம் இரண்டைக் காணவில்லை. தண்ணீருக்குள் இறங்கி, ஒரு கையால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, மறு கையால் புதிதாக ஊன்றினோம். சேறு முழங்காலுக்கு வந்தது. திரும்பி வந்து ரோட்டுமுனையில் ஸ்கூட்டரிலிருந்து இறங்கியதும் மதினி சொன்னார்.

"அடுத்த தடவ நீளமான கம்பாக் கொண்டா தாயி. தண்ணி இன்னும் ஏறும்."