வலித்தது யாருக்கு

இருபத்துமூன்று வயதில் துன்பத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அதுவரை எனக்கு வந்த பெரிய துன்பம் ஐந்தாம் வகுப்பில் வந்த டைஃபாய்டு ஒன்றுதான். அதற்கும் பள்ளிக்கு ஒரு மாதம் லீவு கிடைத்தது.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்த நாங்கள் நான்கு பேர் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. தகடு அழுத்தி வெட்டும் பிரஸ்ஸிலிருந்து வருவதை அளந்து, நல்லதைப் பச்சைப் பெட்டியிலும் கெட்டதைச் சிவப்புப் பெட்டியிலும் போட வேண்டும். மனிதர்களையும் அவ்வாறே இரண்டு பெட்டிகளில் போடும் பழக்கம் எனக்கு முன்பே இருந்ததால் வேலை சுலபமாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் அறையில் ஜெபக்கூட்டம் நடக்கும். பத்துப் பேர் வருவார்கள். சுக்குக்காப்பிக்காகவும் மிக்சருக்காகவும் வந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பிரசங்கம் எப்போதும் நான்தான். ஞாயிறு பள்ளித் தேர்வில், எங்கள் பகுதிச் சபைகள் எல்லாம் சேர்ந்த திருமண்டல அளவில் இரண்டாம் பரிசு வாங்கியவன் வேறு யாருக்கு வாய்ப்பு கொடுப்பான்? அறை நண்பர்கள் என்னை "ஐயர்" என்று கேலி செய்வார்கள். எங்கள் ஊரில் ஐயர் என்றால் சபைப் போதகர். இது தெரியாத வீட்டுக்காரர் ஒரு நாள் பேரனுக்குக் காது குத்த நல்ல நாள் பார்த்துத் தரச் சொல்லி வாழைப்பழத்தோடு வந்து நின்றார்.

எனக்குப் பிடித்த தலைப்பு கிறிஸ்துவின் இரண்டு சுபாவங்கள். அவர் முழுக்கத் தேவன், முழுக்க மனிதன். சுபாவம் இரண்டு, ஆள் ஒருவர். சின்ன வயதில் மனப்பாடம் செய்த இந்தப் பதிலை நான் கம்பெனி லைன் மொழியில் விளக்குவேன். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவே நான்கு இடத்தில் ஸ்பாட் வெல்டிங். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அந்த உவமை எவ்வளவு கெட்டது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

கம்பெனியில், பிரஸ்ஸில் வேலை பார்த்த ஓர் அண்ணன் மட்டும் கேள்வி கேட்பார். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். கிருத்திகை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கேன்டீனில் நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து சுவிசேஷம் சொல்வேன். அவர் சாம்பார் சாதம் பிசைந்தபடி பொறுமையாகக் கேட்பார். ஒரு நாள் கேட்டார்:

"ஏன் தம்பி, உங்க சாமிய ஆணி வச்சி அட்சாங்களே, அதுக்கு வலிச்சிதா?"

மனுஷ சுபாவத்துக்கு வலித்தது, தேவ சுபாவத்துக்கு வலி கிடையாது என்று சொன்னேன். அவர் இன்னொரு கவளம் உருட்டினார்.

"அப்போ பாதி சாமி துடிச்சிகினு கீது. மீதி பாதி குந்திகினு வேடிக்க பாக்குது. அப்டிதானே?"

அப்படி இல்லை என்றேன். எப்படி என்று கேட்டார். இதெல்லாம் ஒரே நாளில் புரியாது, போகப் போகச் சொல்கிறேன் என்று தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன். புரியாதவன் நான்தான் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருடம் பொங்கல் முடிந்த இரண்டாம் வாரம், பிரஸ்ஸில் அந்த அண்ணனின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. எப்படி நடந்தது என்று கேட்டவர்களிடம், ஒரு நொடி என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கிப் போகத் தோன்றவில்லை. வேதாகமமும், சட்டைப் பையில் மூன்று குறிப்புகள் எழுதிய தாளும் கொண்டுபோனேன். தலைப்பு, துன்பத்தின் நோக்கம். ஒன்று, பொன்னைப் போலப் புடமிட. இரண்டு, சிட்சித்துத் திருத்த. மூன்று, மற்றவர்களுக்குச் சாட்சியாக.

அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கட்டுப் போட்ட கை தலையணைமேல் இருந்தது. அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் குறிப்பை முடித்தேன். எந்தத் துன்பமும் ஒரு பெரிய காரியத்துக்காகத்தான் வருகிறது என்றபடி இரண்டாவதில் இறங்கும்போது அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அவ்ளோ பெரிய காரியத்துக்கு ஒரு வெரலு பத்தாதா தம்பி?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. நான் தாளில் இரண்டாவது குறிப்பைத் தேடினேன். அப்போது அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"இல்லாத வெரலு வலிக்குது தம்பி. நர்சம்மா வந்து, கை வலிக்குதான்னு கேக்குது. கையா வலிக்குது? எனக்கில்ல வலிக்குது."

நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது குறிப்பையும் முடித்து, ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது நன்றாகப் பேசியதாகவே நினைத்தேன்.

குணமாகி வந்த அண்ணனை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். சித்திரை வெயில் ஆரம்பித்தது. லைனை விட்டு நகர்ந்து தண்ணீர் குடிக்கச் சோம்பல்பட்ட எனக்கு ஒரு மதியம் அளந்துகொண்டிருந்தபோது இடுப்பில் யாரோ திருப்புளியை விட்டுத் திருகியது போல இருந்தது. அடுத்த நிமிடம் தரையில் கிடந்தேன். சிறுநீரகத்தில் கல் என்று பிறகு சொன்னார்கள். அப்போது செத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். செத்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் நடந்தால் போதும் என்றும் நினைத்தேன். புடமிடப்படும் பொன் இப்படிக் கத்தும் என்று நான் எந்தப் பிரசங்கத்திலும் சொன்னதில்லை.

கத்தல் கேட்டு ஸ்டோர்ஸிலிருந்து ஓடிவந்த அண்ணன்தான் என்னைத் தூக்கிக் கம்பெனி வேனில் போட்டார். வழி முழுக்க என் தலை அவர் மடியில். நான் அவருடைய இடது கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தேன். தழும்பு இன்னும் சிவப்பாக இருந்த கை. அவர் முகம் சுளித்ததே தவிர கையை இழுத்துக்கொள்ளவில்லை. "முருகா, முருகா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார். துன்பத்தின் நோக்கம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதி வழியில், வேன் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, நானும் "முருகா" என்று கத்தினேன். டிரைவர் சாட்சி.

ஊசி போட்டு வலி அடங்கி, நனைந்த துணியாகக் கிடந்தபோது, அண்ணன் அன்று தன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னது காதில் விழுந்தது. மூன்று மாதம் கழித்துத்தான் விழுந்தது. கல் இருந்தது சிறுநீரகத்தில். ஆனால் தரையில் உருண்டு கத்தியது சிறுநீரகம் இல்லை, நான். வலி ஆளுக்குத்தான். அப்படியானால் சிலுவையில் வலித்தது ஏதோ ஒரு சுபாவத்துக்கு இல்லை, அவருக்கு. ஆள் ஒருவர் என்ற வரியை நான் பரிசுக்காக மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த வரி அங்கே எதற்கு இருக்கிறது என்று கேட்டதே இல்லை. மாடியில் கடவுள், கீழ்வீட்டில் மனிதன் என்று அவரை இரண்டு குடித்தனமாக்கி வைத்திருந்தேன். கடவுளால் வலியை உணர முடியாது என்பது உண்மையாகவே இருக்கட்டும். அதற்காகத்தானே உணரக்கூடிய ஓர் உடம்பை எடுத்துக்கொண்டு வந்தார்? அந்த உடம்பில் வலித்தபோது வலித்தது தேவகுமாரனுக்கேதான்.

இன்னொன்றும் உறுத்தியது. நோக்கம் என்னவென்று அறிந்திருந்த அவரே, சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில், இது வேண்டாமே என்று மன்றாடினார். சிலுவையில், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கேட்டார். அவர் ஏன் என்று கேட்ட இடத்துக்கு நான் மூன்று காரணங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ஸ்டோர்ஸுக்குப் போய் அண்ணனிடம், அன்றைக்குக் கேட்டீர்களே, வலித்தது, சாமிக்கேதான் வலித்தது என்று சொன்னேன். அவர் அசந்துபோவார் என்று எதிர்பார்த்தேன்.

"பின்ன இன்னா," என்றார். "வலிக்காதவன் வந்து என்னாண்ட இன்னாத்த சொல்றது?" பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவர் மனைவி கொடுத்தனுப்பிய வாழைத்தண்டு சாறு. தினமும் வரும், மிச்சம் வைக்காமல் குடிக்க வேண்டும் என்று உத்தரவாம். அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அவங்க அதையெல்லாம் மறந்துட்டாங்க, நீ குடி என்றார். அக்கா மறந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். குடித்தேன்.

பதினோராம் நாள் காலை கல் வெளியே வந்தது. பலாக்கொட்டை அளவாவது இருக்கும் என்று நம்பியிருந்தேன். கடுகுதான். டாக்டரிடம் காட்டக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன். அவர் மேஜைமேல் மடிப்பைப் பிரித்தபோது மின்விசிறிக் காற்றில் பறந்துவிட்டது. இருவரும் கொஞ்ச நேரம் தரையில் தேடினோம்.

அந்த ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் கர்த்தர் என்னைக் குணமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். அறை நண்பன் ஒருவன் இருமினான். வாழைத்தண்டையும் சேர்த்துக்கொண்டேன். மறுபடியும் இருமினான்.

"ஏல, வேன்ல நீ யாரக் கூப்பிட்டேன்னும் சேத்துச் சொல்லுல."

சொன்னேன். என் பிரசங்கங்களிலேயே எல்லோரும் கடைசிவரை விழித்திருந்து கேட்டது அது ஒன்றுதான்.