நம்ம கூட்டம் என்றவர்

எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தவளை மட்டும் ஒரு நாள் தொலைக்க இருந்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளில் என் வீட்டுக்காரர் பரணிலிருந்து விழுந்து, இடுப்பு உடைந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். பதின்மூன்று வயது மூத்தவளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ராசிபுரத்தில் பஸ் ஏறிப் போனேன். ஆண்கள் வார்டில் ஒரு ஆள்தான் தங்கலாம், பெண் பிள்ளையை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். அவளை எங்கே படுக்க வைப்பது என்று எனக்குத் திக்கென்றது.

எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. மருந்துச் சீட்டை வாசலில் இரண்டு பேரிடம் நீட்டிக் கேட்டேன். சுவரோரம் நின்ற ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, நல்ல பேச்சு. அவரே மருந்து வாங்கித் தந்தார். எந்த ஊர் என்று மட்டும்தான் கேட்டார். நான் ஊரோடு நிற்காமல், பிறந்த கூட்டத்தின் பெயரையும் பெருமையாகச் சொன்னேன். எங்கள் பக்கம் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்தார் எங்கே இருந்தாலும் அண்ணன் தங்கை.

“நானும் அந்தக் கூட்டந்தானுங்க. அப்ப நீங்க எனக்குத் தங்கச்சி” என்றார்.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவே இல்லை. பிள்ளை தன் வீட்டில் படுக்கட்டும், காலையில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு, “வாரேம்மா” என்று டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவர் படியில் கால் வைக்கும்போது, மரியாதைக்குக் கேட்டேன்: “அண்ணி எந்தக் கூட்டமுங்க?”

“அவளும் நம்ம கூட்டந்தானுங்க. தம் புள்ளையாட்டம் பாத்துக்குவா.”

ஒரே கூட்டத்தில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். தங்கையையே கட்டியது போல அது. எங்கள் வீட்டுச் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். இது தெரியாதவர் எங்கள் கூட்டமே இல்லை.

பஸ் உறுமியது. அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினேன்.

“எறங்கு சாமி.”

“மாமா நிக்கறாங்களேம்மா” என்று அவள் சிணுங்கினாள். கன்னத்தில் ஒன்று வைத்துக் கையைப் பிடித்து இழுத்து இறக்கினேன். ஏன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையான அண்ணனாக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். அதே பஸ்ஸில் போய்விட்டார்.

விடியும் வரை வராந்தாவில் அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன். எதற்கு அடித்தாய் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்தான் வலியப் போய் அவன் கையில் பிடித்துக் கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மூத்தவள் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். வயதான பிறகு எழுத்துக் கற்று இதையெல்லாம் எழுதிய இந்த நோட்டை அவள் மகளிடம் கொடுக்கிறேன்.

“எழுத்துக் கோணலாத்தான் இருக்கும். படிச்சுக் காட்டு சாமி. உங்கம்மாளுக்குக் கேக்கறாப்பல சத்தமாப் படி.”